நடுவில் நூறு வருஷம்

வியாழன், இரவு ஒன்பது மணி

இல்லை, தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்க முடியாது.

நான் வேலை பார்க்கும் காளவாசல் ஜெராக்ஸ் கடைக்கு ஜெயந்தி அக்கா சாயங்காலம் வந்தார். போன வாரம் நான் நகல் எடுத்து பைண்டிங் போட்டுக் கொடுத்த உலக வரலாறு நோட்ஸ் கையில் இருந்தது. ஜவுளிக்கடை வேலையில் நின்றுகொண்டே படிக்கிறவர். நாளைக் காலை மூன்றாவது தடவையாக அந்தப் பாடத்தில் பரீட்சை எழுதுகிறார்.

“பிரெஞ்சுப் புரட்சி முடிஞ்ச கையோட உலகப் போர் வந்துருச்சே தம்பி. நடுவுல நூறு வருஷம் எல்லாரும் தூங்குனாய்ங்களா?”

“பெருசா ஒண்ணுமில்லக்கா. நான் பி.ஏ. வரலாறு, நம்பிப் படிங்க.”

“அம்புட்டுப் படிச்சவன் நீ. சொன்னாச் சரிதான்.”

நடுவில் ஏதோ உண்டு என்று அப்போதே உறுத்தியது. தெரியாது என்றால் இரண்டாம் வருஷத்தோடு நான் நின்றுபோனது வெளியே வந்துவிடும்.

கடையில் கழித்த தாள்களின் பின்பக்கத்தில்தான் தினமும் எழுதுகிறேன். இப்போது இந்தத் தாளைத் திருப்பினேன். தொழிற்புரட்சி. அடியில் இருக்கும் பதினோரு தாளும் அக்காவுடையதுதான். மெஷினில் தாள் சிக்கியபோது ஒதுக்கி வைத்து, பைண்டிங்கில் சேர்க்க மறந்திருக்கிறேன்.

அக்கா வீடு விளாங்குடி. சைக்கிளில் போய்விடலாம். இந்தத் தாளையும் கொடுத்தாக வேண்டும். பின்னால் எழுதியதையும் படிப்பார். படிக்கட்டும். போகணும்.