பையன் குரல்

மார்ச் 3

தொண்டை கட்டிவிட்டது. பதினான்கு வயதுப் பையனுக்கு முப்பத்தாறு வயதுக்காரி குரல் கொடுத்தால் இப்படித்தான். கட்டிட உயரத்துக்கு ஒரு இயந்திர மனிதன், அதன் நெஞ்சுக்குள் இந்தப் பையன். அவன் பயந்தால்தான் அது நடக்கும். தைரியமாக இருந்தால் ஒரு விரல்கூட அசையாது. அதனால் ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் பெரியவர்கள் ஆளுக்கொரு பொய் சொல்லி அவனைக் கலங்கடிக்கிறார்கள். பொம்மைப் படத் தொடர் என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நல்ல பொம்மை.

மார்ச் 7

டேக் மேல் டேக். "குரல்ல நடுக்கம் வரல," என்றார் டைரக்டர். எல்லோருக்கும் ஐஸ் வைப்பவர் என்பதால் எங்களுக்குள் அவர் பெயரே ஐஸ். தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே, போகிற போக்கில், "உங்க தங்கச்சி வந்திருந்தாங்க. சும்மா பையன் குரல்ல பேசச் சொல்லிப் பார்த்தேன். அச்சு அசல் நீங்கதான்," என்றார்.

அடுத்த டேக் ஓகே.

சின்னவளும் டப்பிங்தான். கூட்டத்தில் கத்துவது, நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, இப்படி. நான்தான் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?

மார்ச் 8

நானாகக் கேட்கப் போவதில்லை. அவளாகச் சொல்கிறாளா, பார்ப்போம்.

மார்ச் 9

சொல்லவில்லை.

மார்ச் 12

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே பேசுகிறாள். கதவில் காதை வைத்தேன். வெட்கம்தான், ஆனாலும் வைத்தேன். என் குரல்! பையன் மூச்சு வாங்குவது, அழுகையை விழுங்குவது, ஒன்று விடாமல். நானே உள்ளே இருக்க, நானே வெளியில் நின்று ஒட்டுக்கேட்பதுபோல் இருந்தது.

"யார்கிட்ட பேசிட்டிருந்தே?"

"பாட்டு பாடிட்டிருந்தேன்க்கா."

பொய் சொன்னால் அவளுக்கு இடது காது சிவந்துவிடும். தலையில் சுற்றியிருந்த துண்டு காதை மறைத்திருந்தது. வேண்டுமென்றே சுற்றினாளோ?

மார்ச் 15

எங்கள் வேலையில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குத் தெரியாது. தனித்தனியாகப் போகிறோம், நம் காட்சிக்கு மட்டும் வாயசைவு பார்த்துப் பேசுகிறோம், வந்துவிடுகிறோம். மேற்கொண்டு கதை என்ன என்று கேட்டால், "தெரிஞ்சா நடிச்சிடுவீங்க," என்று சிரிப்பார் ஐஸ். சவுண்ட் இன்ஜினியரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "என்னை மாட்டிவிடாதீங்க மேடம்," என்றார்.

அப்போ மாட்டிக்கிற மாதிரி என்னமோ இருக்கு. இல்லையா?

பையனின் நடுக்கம் இப்போது பிரமாதமாம். ஐஸ் சொன்னார்.

மார்ச் 18

கேட்டேவிட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். என் சோத்துல மண்ணைப் போடவா உன்னைக் கூட்டிட்டுப் போனேன்? அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீ எங்கடி இருந்தே என்றும் கேட்டேன். பேசவே கூடாது என்று இருவரும் ஒதுக்கி வைத்திருந்த பேச்சு அது.

அவள் சொன்னது ஒன்றுதான். "ஒரு வாரம் பொறுத்துக்கக்கா, எல்லாம் சொல்றேன்." ஒரு வாரத்துல என் இடத்துல உன் பேரு வந்துடும், அதானே, என்றேன். காது சிவந்ததா என்று பார்க்கவும் தோன்றவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் பையோடு போய்விட்டாள்.

மார்ச் 24

பதினொன்றாம் எபிசோட். இதுவரை வாயே திறக்காத இயந்திரம் இன்று பேசுகிறது. அதற்கு நான் பதில் பேசவேண்டும் என்பதால் அதன் குரலை ஹெட்போனில் ஓடவிட்டார்கள். அது பையனின் குரலிலேயே பேசியது. "பயப்படாதே. நான் இருக்கேன்ல."

என் குரல்தான், ஆனால் நான் பேசியதல்ல. பேச ஆரம்பிக்கும் முன் விக்கல்போல ஒரு சின்ன மூச்சு. சிறு வயதிலிருந்து அது சின்னவளுக்கு மட்டும் உண்டு.

அவள் என் வேஷத்தைக் கேட்கவே இல்லை. இயந்திரமாகத்தான் பேசியிருக்கிறாள்.

பதில் பேசவேண்டிய இடத்தில் அழுதுவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐஸ் கட்டைவிரலை உயர்த்தினார். மைக் திறந்தே இருந்திருக்கிறது.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவங்ககிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். தெரிஞ்சிருந்தா இந்த அழுகை வந்திருக்குமா?"

வந்திருக்காது என்றேன். ஓங்கி ஒன்று விட்டிருக்க வேண்டும்.

மார்ச் 25

சின்னவள் போனை எடுக்கவில்லை.

மார்ச் 29

எடுத்தாள். "சந்தேகப்பட்டதுகூடப் பரவால்லக்கா. அம்மாவை இழுத்தியே," என்றாள். வைத்துவிட்டாள்.

நவம்பர் 10

இரண்டாம் பாகம். ஐஸ் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதால் டைரக்டர் நாற்காலி எனக்கு வந்திருக்கிறது. இயந்திரத்துக்குப் பேசச் சின்னவளைக் கூப்பிட்டேன். முடியாது என்று சவுண்ட் இன்ஜினியரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

இந்த முறை நெஞ்சுக்குள் ஒரு சிறுமி. அவளுக்குக் குரல் கொடுப்பது புதுப் பெண், கெட்டிக்காரி. துணைக்குத் தன் தோழியோடு வருகிறாள். தோழிக்கும் டப்பிங் ஆசை உண்டு. இடைவேளையில் ஒரே டப்பாவில் இருவரும் சாப்பிடுகிறார்கள்.

காலையிலிருந்து டேக் மேல் டேக். நடுக்கம் வரவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "உங்க ஃப்ரெண்டையும் சும்மா பேசச் சொல்லிப் பார்த்தேன். நல்லாத்தான் பண்றாங்க," என்றேன். அப்படி எதுவும் நான் செய்யவில்லை.

அடுத்த டேக் ஓகே.

சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோழி பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வர, இவள் திரும்பாமல் நடந்துகொண்டிருந்தாள்.