கடிகாரம் இருந்த இடத்தில் ஹீட் மீட்டர்

ஆகஸ்ட் 2009, வெள்ளி இரவு

காரில் ஹீட் மீட்டர் போட்டாயிற்று. போட்டிருக்க வேண்டாம்.

சிதம்பரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் மச்சான் ஆல்பர்ட்தான் மீட்டர் போர்டைக் கழற்றினான். புதுசுக்கு இடம் இல்லை.

"மாமா, இந்தக் கடிகாரத்த எடுத்துட்டா அளவா உக்காந்துடும். ஒன்றர மணி நேரம் ஸ்லோவா வேற காட்டுது. எதுக்கு வச்சிருக்கீங்க?"

அவன் அக்கா, என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ் வேலைக்கு மஸ்கட் போன அன்று, நான்தான் அதை அந்த ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது. "சரி, எடுத்துடு" என்றேன்.

திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டி இருட்டிவிட்டது. ஹெட்லைட் போட்டதும் புது மீட்டரின் முள் சிவப்புக்குத் தாவியது. பதறிப்போய் ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். இன்ஜின் கொதிக்கவே இல்லை. லைட்டை அணைத்தால் முள்ளும் இறங்குகிறது. ஆல்பர்ட்டுக்கு போன் போட்டேன்.

"மீட்டருக்கு எர்த் புடிக்கல மாமா, அதான் தப்பா காட்டுது. பெயிண்ட்ட சொரண்டாம ஸ்க்ரூ முடுக்கிட்டேன். ஞாயித்துக்கெழம கொண்டாங்க" என்று சிரித்தான்.

மஞ்சக்குப்பம் வந்து, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இப்போது ஸ்டெல்லாவைக் கூப்பிடலாமா என்று வழக்கம்போல போர்டைப் பார்த்தேன். முள் அடியில் படுத்துக் கிடந்தது.

பழைய கடிகாரத்தை ஆல்பர்ட் பேப்பரில் சுற்றிக் கொடுத்திருந்தான். இப்போது மேசைமேல் இருக்கிறது. ஒயரைப் பிடுங்கிய நேரத்திலேயே, மஸ்கட்டின் மதியம் மூன்றில் நிற்கிறது. அவள் இந்நேரம் நைட் டூட்டிக்குக் கிளம்பியிருப்பாள்.