வியாழக்கிழமை மூன்று மணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை என் நினைப்பு. மனசைப் பற்றி இந்த இடத்தில் எழுதுகிற வழக்கம் இல்லை, அதனால் அதைக் கீழே எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படியை இப்போது ஒரே மூச்சில் ஏறிவிடுகிறாள், நான்தான் நடுவில் நின்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிக்கிற சாக்கில் மூச்சு வாங்கிக்கொள்கிறேன். மேல்வீட்டுத் தையல்காரர் குடிமாறிப் போய்விட்டார், அந்த மெஷின் சத்தம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குத் தூக்கமே வருவதில்லை, இத்தனை வருஷம் அதைத் திட்டித் தீர்த்தவனும் நான்தான். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, நான் சரிசெய்த குழாய் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் எழுதுவது ஏனென்றால் சொல்ல வந்த விஷயத்துக்குக் கை போகமாட்டேன் என்கிறது. ஆறு வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க உனக்கு முழு நியாயம் இருக்கிறது அம்மாடி, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாகச் சேருகிற முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக வாழ்க்கை பழக வேண்டும் என்று வாராவாரம் ஒரு கருத்தரங்கு நடத்தச் சொல்லி, வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு அதை என் தலையில் கட்டினார்கள், உனக்குத் தெரியும். வேதியியல் வாத்தியாருக்கு வீட்டு ஏக்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீ பள்ளிக்கூடத்து நாளிலேயே கேலி செய்தாய். வியாழக்கிழமை மூன்று மணி, சாப்பாட்டு மயக்கம் தெளியாத நேரம், பழைய கட்டிடத்தில் ஃபேன் சுற்றாத அறை. நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி, புரியாவிட்டால் யாரைக் கேட்பது, தனியாக இருக்கிறோம் என்று தோன்றினால் என்ன செய்வது என்று நான் கரடியாகக் கத்துவேன், பிள்ளைகள் கொட்டாவி விடும். நீ வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்த பிறகுதான் என் வகுப்புக்கு உயிர் வந்தது. மாதம் பிறந்தால் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று உன்னிடம் சொல்லி அனுப்பினேன், நீயும் தவறாமல் எழுதினாய், நான் அதை எடுத்துப்போய் வகுப்பில் வாசித்தேன். கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதை எழுதினாய், யாரும் பார்த்தால் படிக்கிறாள் என்று நினைக்கட்டும் என்று புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டாயாம். நான்காவது வாரம் எதிரில் இருந்த பெண்ணிடம் உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லிக் கேட்டாயாம், அதோடு சிநேகமாகிவிட்டதாம். அந்த உப்பு இங்கே எத்தனை பிரபலம் என்று உனக்குத் தெரியாது. யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால் மற்ற பிள்ளைகள் "என்ன, இன்னும் உப்பு கேக்கலையா?" என்று சீண்டுவார்கள். உன்னை யாரும் பார்த்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் நீ அக்கா. "சார், அக்கா லெட்டர் வந்துச்சா?" என்று வராந்தாவிலேயே மடக்குவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. புது வருஷத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், நல்லதாக நாலு விஷயம் எழுது என்று கடன் வசூலுக்கு ஆள் விட்ட மாதிரி உன்னிடம் கேட்டு வாங்கினேன். நீயும் மாதத்துக்கு மாதம் நன்றாக எழுதினாய்.

அங்கே இதேபோல முதலாண்டு வகுப்பு நடத்துகிற அம்மையாரைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா, உன்னை அவர்தான் நிலைக்க வைத்தார் என்று. ஒரே தொழில் செய்கிறோம், ஒரு நன்றி சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று அவருக்கு நானே எழுதினேன், உன்னிடம் கேட்கவில்லை. மூன்று பக்கம். உன் உப்புக் கதையைக்கூட எழுதினேன். அரைப் பக்கம் பதில் வந்தது. நீ மூன்று வகுப்புக்கு வந்தாய், நான்காவது வாரத்திலிருந்து வரவில்லை, இரண்டாவது மாதத்தோடு படிப்பையே விட்டுவிட்டாய், இரண்டு முறை எழுதியும் உன்னிடமிருந்து பதில் இல்லை என்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே உனக்குப் போன் போட்டேன். நீ எடுத்து "என்னப்பா, இந்த நேரத்துல?" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும், எனக்கும் ஒரு எழுத்து விடாமல் இருக்கிறது. "நான் இனிமே அந்தப் பசங்க முன்னால எப்படித் தலை காட்டுவேன்?" என்றேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். மறுபடி நான் போட்டபோது எடுக்கவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த உன் அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன், அவள் அதிர்ந்து விழுந்துவிடக் கூடாதே என்று நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. "தெரியும்" என்றாள். நீ படிப்பை விட்ட அன்றைக்கே அவளிடம் சொல்லிவிட்டாயாம். எனக்குக் கோபத்தில் காது அடைத்துவிட்டது, இத்தனை நாள் என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, "உங்ககிட்ட சொன்னா வகுப்பு எடுப்பீங்க. அவளுக்கு அப்ப வகுப்பு வேண்டாம், அப்பாதான் வேணும்னு இருந்துச்சு" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேன்டீனில் புத்தகம் விரித்தது நிஜம், உப்பு கேட்டதுதான் இல்லை, எதிரில் யாருமே உட்காரவில்லையாம். ஒரு நாள் பத்து நிமிஷம் தாமதமாகிப் போய், கதவைத் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று வகுப்பு முடிகிறவரை வெளியிலேயே நின்றாயாம், மறுநாள் நேரத்துக்கே போயும் கதவுப் பக்கம் கால் போகவில்லையாம். தாமதமாக வருகிற பிள்ளை இடம் பிடித்து உட்காருகிறவரை பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பது என் பழக்கம், அப்படிச் செய்தால்தான் புத்தி வரும் என்று வீட்டில் வந்து பெருமையாகச் சொல்வேன், நீ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாய் என்றும், கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்துவதில் உன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று முதலாளியே சொல்வதாகவும் அம்மா சொன்னாள். போன வருஷம் நீ அனுப்பிய என் மூக்குக்கண்ணாடியை நீயேதான் செய்தாயாம். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கி அனுப்பினாள் என்று நான் வகுப்பில் அதைக் கழற்றிக் காட்டியிருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், நடுநடுவே கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு நாலு வியாழக்கிழமை நான் வகுப்பில் பொய் சொன்னேன். அக்கா கடிதம் வரவில்லை, தேர்வு நேரம், தபால் தாமதம் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று. பொய் சொல்வது எத்தனை சுலபம் என்றும், ஒன்று சொன்னால் அடுத்ததற்கு அதுவே படி அமைத்துக் கொடுக்கிறது என்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்கு வாரத்துக்கே எனக்கு வாய் கசந்துவிட்டது, நீ மூன்று வருஷம் அதைச் சுமந்திருக்கிறாய், அதுவும் நான் கேட்டுக் கேட்டு வாங்கியதால். போன வியாழக்கிழமை எழுந்து நின்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். என் மகள் இரண்டாவது மாதமே படிப்பை விட்டுவிட்டாள், அந்தக் கடிதங்களில் பாதி நடக்கவே இல்லை, அது எனக்கே ஐந்து வாரத்துக்கு முன்னால்தான் தெரியும் என்றேன். முன்வரிசையில் ஒருவன், "அப்ப அந்த உப்பும் பொய்யா சார்? நான் அதைக் கேட்டுட்டுத்தான் ஊருக்குத் திரும்பிப் போகாம இருந்தேன்" என்றான், அவன் குரலில் இருந்தது கோபமா வருத்தமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிற ஒரு பெண் இருக்கிறாள், சேர்ந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை, வருகைப் பதிவுக்கே கையைத்தான் தூக்குவாள். அவள் எழுந்து நின்று, "சார், அக்கா இப்ப நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

பதினெட்டு வயசுப் பெண், உன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, அவளுக்கு முதலில் கேட்கத் தோன்றியது அது. பெற்றவன் எனக்குத் தோன்றியது எப்படித் தலை காட்டுவது என்பது. தெரியாதும்மா, நான் கேட்கவில்லை என்று அவளிடமே ஒத்துக்கொண்டேன். அதோடு வகுப்பை முடித்துக்கொண்டு பிள்ளைகளை அனுப்பிவிட்டேன்.

அதனால் அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. திறந்து ஒரு கால் உள்ளே வைத்ததும் அம்மா ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் பேசுவது தெரிந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு தாத்தா கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வந்து கடையில் சண்டை போட்ட கதையை நீ சொல்லிக்கொண்டிருந்தாய், அவர் குரலிலேயே பேசிக் காட்டினாய், பிறகு உனக்கே அடக்க முடியாமல் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் பேசும்போது நீ சிரித்ததே இல்லை அம்மாடி, நன்றாகப் படிக்கிற பெண் மாதிரி பேசுவாய். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டாள், அவள் கையில் மடித்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே நின்றது. சொல்லாதே என்று சைகை காட்டிவிட்டுச் செருப்போடு பின்வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், நாலு படி கீழேயே உட்கார்ந்தேன்.

நீ வைத்த பிறகு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வாராவாரம் பேசுவீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றாள், மூன்று வருஷமாக. "வியாழக்கிழமை மூணு மணின்னா நீங்க கண்டிப்பா வீட்டுல இருக்க மாட்டீங்க, அதான் அந்த நேரம்" என்றாள். நான் அங்கே நின்று உன் பொய்க் கடிதத்தை நாற்பது பேருக்கு வாசித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், நீ இங்கே உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்துவிட்டது, படியில் உட்கார்ந்தே அழுதேன், கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுத் திரும்பி இறங்கிப் போய்விட்டார்.

நீ திரும்பிப் படிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. மாதம் பிறந்தால் கடிதமும் வேண்டாம். உன் கடிதங்களை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன், கிழிக்க மனசு வரவில்லை, இனி யாருக்கும் வாசிக்கவும் மாட்டேன். வகுப்புக் கதவை இப்போது திறந்தே வைக்கிறேன், யாராவது தாமதமாக வந்தால் நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். ஸ்வெட்டர் பெண்ணுக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன், உனக்குச் சொல்லலாம் என்று தோன்றுகிற அன்றைக்குச் சொல், இல்லாவிட்டால் அவளிடம் இன்னும் தெரியவில்லை என்றே சொல்கிறேன். அடுத்த பருவத்துக்குக் கால அட்டவணை போடுகிற கணக்கு வாத்தியார், என் கருத்தரங்கைச் செவ்வாய்க்கிழமை காலைக்கு மாற்றித் தருகிறேன் என்று தானாகவே வந்து சொன்னார், புதுக் கட்டிடத்தில் நாலு ஃபேன் சுற்றுகிற அறை, பத்து வருஷமாக நான் அவர் காலைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்த அறை. வேண்டாம், வியாழக்கிழமை மூன்று மணியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணுக்கு வேலை அதிகம், வெளிச்சம் போதாமல் உட்காராதே. இதற்கு மேல் புத்தி சொன்னால் வகுப்பு எடுப்பதாகிவிடும். நீ எங்கே எந்த வேலையில் இருந்தாலும் என் பெண் சிரித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி முழுவதும் உனக்குத்தான். ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். வகுப்பு எத்தனை சீக்கிரம் முடிந்தாலும், வியாழக்கிழமைகளில் ஐந்து மணிக்கு முன்னால் இனி நான் வீட்டுக்கு வரமாட்டேன். அம்மாவிடம் நிதானமாகப் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா