சுக்கான் பிடித்தவரை ஆற்றில் எறியும் வழக்கம்

வியாழன், ஜூன் 5

காலையில் தூறல், பிறகு வெயில், பிறகு மறுபடியும் தூறல். பிரஷர் மாத்திரை முடிகிறது. வாங்க: லீக்ஸ், மைசூர்ப் பருப்பு, குசினிக்குப் பல்ப்.

பின்னேரம் சுகந்தியின் அழைப்பு. அவளுடைய வள்ளத்தில் சுக்கான் பிடிக்கும் பெண் சைக்கிளால் விழுந்து கை முறிந்துவிட்டதாம். திராமன் ஆற்று வள்ளப் போட்டி அடுத்த சனிக்கிழமை.

"அப்பா, நீங்கள் எத்தினை கிலோ?"

"ஐம்பத்தொண்டு. ஏன் பிள்ளை?"

"நல்லது, பாரம் இல்லை. நீங்கள்தான் எங்களுக்குச் சுக்கான்."

"பார்ப்பம்" என்றேன். மறுப்பதற்கு என்னிடம் உள்ள சொல் அது ஒன்றுதான். மகளுக்கு இத்தனை வயதாகியும் அது விளங்கவில்லை. அல்லது நன்றாக விளங்கியிருக்கிறது.

பழைய போட்டி. மேல் பாலத்தடியில் தொடங்கி, ஆறு கடலோடு சேரும் இடத்தில் நிற்கும் தூண் வரை. இரண்டிரண்டு வள்ளமாக விடுவார்கள், சோடியில் முந்தியவர் வென்றவர். வள்ளக் கழகத்துச் சுவரில் வென்றவர்களின் பெயர்ப் பலகைகள். ஆகப் பழையவற்றில் எழுத்தே தெரியாது. சு. நாலு வருடமாக ஓடுகிறாள், ஒரு தரமும் வெல்லவில்லை. இந்த வருடத்தோடு குழு கலைகிறது. முன்னால் இருந்து துடுப்பு வலிக்கும் ஹில்ட வேலை மாறி வடக்கே போகிறாள்.

அதனால்தான் "ஏலாது" என்று சொல்ல வாய் வரவில்லை.

சனி, ஜூன் 7

வானம் மூடல். காற்று இல்லை. எங்கள் ஹொல்ம்லியா ஸ்டேஷனில் ரயில் தாமதம், ஆனாலும் எல்லோருக்கும் முதல் நான்தான் போய் நின்றேன்.

வள்ளத்தில் நாலு பெண்கள்: சு., ஹில்ட, ஹில்டவின் சிநேகிதி மாரித், கவிதா. கவிதா கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினி வேலை, நல்ல கலகலப்பு. நாலு பேரும் பின்பக்கம் பார்த்து வலிக்கிறார்கள். போகும் திசையைப் பார்ப்பவன் நான் ஒருவன். யோசித்தால் விசர் வேலை.

"இடப்பக்கம் கொஞ்சம் பலமாய் வலிக்க ஏலுமோ?" என்று கேட்டேன். கேட்டு முடிவதற்குள் வள்ளம் நாணலுக்குள்.

கவிதா: "அங்கிள், நீங்க ஆர்டர் போடணும். இப்படி மனு போட்டுக்கிட்டிருந்தா நாம அடுத்த வாரம்தான் போய்ச் சேருவோம்."

சு.: "எங்கட வீட்டில அம்மா இருந்தவரைக்கும் அவதான் ஆர்டர். இவர் ஒப்பம் வைச்சது மட்டும்."

மூன்றாம் சுற்றில் பரவாயில்லை. நோர்வேஜிய மொழியில் சொன்னால் என் குரல் சற்றுத் தடிக்கிறது.

கரையேறியதும் ஹில்ட தண்ணீரைக் காட்டிச் சிரித்தாள். வென்றால், சுக்கான் பிடித்தவரை மற்றவர்கள் தூக்கி ஆற்றில் எறிவது வழக்கமாம். சுவரில் ஒரு படத்தையும் காட்டினாள். தொப்பி போட்ட மனிதர் ஒருவர் ஆகாயத்தில், கால் இரண்டும் மேலே.

நானும் சிரித்தேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. சு. சிறுமியாக இருந்தபோது நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய், மேலே வாங்குப் பலகையில் இருந்து பேப்பர் வாசிப்பேன். அப்பாவுக்குத் தெரியும் என்றே நினைத்திருப்பாள். எழுபத்திரண்டு வயதில் திருத்திச் சொல்வது எப்படி?

ரயிலில் வரும்போது ஒரு எண்ணம். தோற்றால் எறியமாட்டார்கள்.

செவ்வாய், ஜூன் 10

வெயில். தனியாகத் திராமன் போய் வந்தேன். சு.வுக்குச் சொல்லவில்லை.

பாலத்தில் நின்று தோடம்பழத் தோல் போட்டுப் பார்த்தேன். ஆழக்கரைப் பக்கம் விழுந்தது விரைவாகக் கீழே போனது. மேட்டுக்கரைப் பக்கம் விழுந்தது மெல்ல. ஆனால் ஆறு வளைகிறபடியால் மேட்டுக்கரைப் பாதை குறுகியது. தொடங்குமுன் காசு சுண்டுவார்கள். வென்றவர் தங்கள் கரையைத் தெரிவுசெய்யலாம். எல்லோரும் ஆழக்கரையையே கேட்பார்களாம். சரிதான்.

நாயோடு வந்த ஒருவர், வாத்துக்கு ஆரஞ்சு கூடாது என்றார். மன்னிப்புக் கேட்டேன். வாத்து ஒன்றும் இருக்கவில்லை.

மதியம் பாண், வாழைப்பழம். முழங்கால் பரவாயில்லை.

வியாழன், ஜூன் 12

தெற்குக் காற்று, பலம். பயிற்சிக்கு முன் மறுபடியும் தோல் போட்டேன். இன்று வேறு கதை. கடல் ஏறி ஆற்று வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆழக்கரைத் தோல் பாதி வழியில் சோர்ந்து அங்கேயே சுற்றியது. இப்படி இருந்தால் நீரோட்டத்தால் லாபம் இல்லை, குறுக்குப் பாதைதான் நல்லது.

சனிக்கிழமையும் தெற்குக் காற்றுத்தான் என்கிறார்கள். ஆகவே மேட்டுக்கரையைக் கேட்க வேண்டும். ஆனால் இதைச் சொல்வது ஆர்? தோற்றால் தப்பினேன் என்று நினைத்த அதே ஆள். எல்லோரும் தோற்கிற கரை என்று சொல்லும் கரையை நான் தெரிவுசெய்கிறேன் என்றால், அது கணக்கா, பயமா? பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

பின்னேரம் வீட்டுக்குக் கிட்ட உள்ள கடற்கரைக்குப் போய், காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரை. ஐஸ். என்னைவிட மூத்த பெண்மணி ஒருத்தி கழுத்தளவில் நின்று "டைலி!" என்றாள், அருமையாம். இந்த நாட்டில் யாரும் தண்ணீருக்குள் நின்று வேறு சொல் சொல்லிக் கேட்டதில்லை.

இடுப்பு வரை போக நினைத்தேன். போகவில்லை.

சனி, ஜூன் 14

தெற்குக் காற்று. விட்டுவிட்டு வெயில். நிறையச் சனம், வாஃபிள் மணம், ஒரு பாண்ட் வாத்தியம்.

காசு சுண்டியதில் சு. வென்றாள். என்னைப் பார்த்தாள். "மேட்டுக்கரை" என்றேன். ஹில்ட இரண்டு தரம் கேட்டாள், உண்மையாகவா என்று. கவிதா: "அங்கிள், அது லூசர்ஸ் சைடுன்னு எல்லாரும் சொல்றாங்களே." எதிர்க்குழுப் பெண்கள் கைதட்டினார்கள், எங்களுக்கு நன்றி சொல்வதுபோல.

சு. மட்டும்: "அப்பா பார்த்துத்தான் சொல்லுவார். விடுங்கோ."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

பாதி வழிவரை பின்னால் இருந்தோம். ஒரு முழு வள்ளம் பின்னால். எதிர்க்குழுச் சுக்கான்காரியின் முதுகைப் பார்த்துக்கொண்டு, சரி, பயம்தான் கரையைத் தெரிவுசெய்தது என்று நினைத்தேன். வளைவு வந்தது. கரைக்கு மிகக் கிட்டப் பிடித்தேன், நாணல் துடுப்பில் உரசும் அளவு. நான் பார்த்துக்கொண்டிருக்க அவர்களுடைய வள்ளம் தளர்ந்தது. தோல் சோர்ந்த அதே இடம். "இப்ப! இப்ப!" என்று கத்தினேன். எந்த மொழியில் என்று நினைவில்லை. தூணில் நாங்கள் அரை வள்ளம் முன்னால்.

மனம் எப்படியோ, சுக்கான் பிடித்த கை பொய் சொல்லவில்லை. இதை எழுதி வைக்கிறேன்.

இறங்குதுறையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைலேஞ்சியில் சுற்றி, சப்பாத்துக்குள் வைத்தேன். காதுக் கருவி, மணிக்கூடு அதோடு. தயாராக நின்றேன்.

அவர்கள் நாலு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அழுதார்கள். ஹில்ட என் பக்கம் ஓர் அடி வைத்தாள். சு. நோர்வேஜிய மொழியில் தடுத்தாள், இவரை வேண்டாம் என்று. கவிதாவும், "ஐயோ, பெரியவரைத் தூக்கி எறியறதா? பாவம்!" மாரித் போர்வை கொண்டுவந்து என் தோளில் போட்டாள். கோப்பி தந்தாள்.

உலர்ந்த மனிதனுக்குப் போர்வை. ஏழு நாள் பயந்தது நடக்கவில்லை. சந்தோசப்பட்டிருக்க வேண்டும். அடுத்த துறையில் வேறொரு குழு தங்கள் சுக்கான்காரியைக் கைகாலில் பிடித்து ஆட்டி எறிந்தது. சனம் ஆர்ப்பரித்தது. நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன், பார்க்க வந்த ஆள் மாதிரி.

"சுகந்தி."

"என்னப்பா, குளிருதோ?"

"வள்ளத்தைத் திருப்பினது ஆர்?"

"நீங்கள்தான்."

"அப்ப என்னையும் எறியுங்கோ."

அவள் கிட்ட வந்து குரலைத் தணித்தாள். "அப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியாதெண்டு எனக்குத் தெரியும். அம்மா இருக்கேக்க சொன்னவ."

"தெரிஞ்சுகொண்டோ சுக்கான் தந்தனி?"

"எறிய விடமாட்டன் எண்டுதான் தந்தனான்."

நான் போர்வையை மடித்தேன். நாலாக மடித்து வைத்தேன். அவள் என் லைஃப் ஜாக்கெட்டின் கொளுவிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீருக்குள் இறங்கினாள். ஏணிக்குப் பக்கத்தில் நின்று நீந்தியபடி, "சரி, விடுங்கோ" என்றாள்.

ஹில்டவும் மாரித்தும் கையில். கவிதா தயங்கினாள். பிறகு: "நான் காலைப் பிடிச்சுக்கறேன். பெரியவங்க காலைப் பிடிக்கிறதுல தப்பில்லையே!" இரண்டு பாதத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பிடித்தாள். நோர்வேக்காரிகள் இருவரும் அதையும் வழக்கம் என்று எண்ணி, ஆளுக்கொருதரம் என் முழங்காலைத் தொட்டார்கள்.

ஆட்டினார்கள். வானம், பாலம், வானம்.

குளிரைப் பற்றி எழுதச் சொற்கள் இல்லை. வாய் நிறையத் தண்ணீர். மேலே வந்தபோது சு.வின் கை என் சட்டைக் கழுத்தில். அவள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். காதுக் கருவி சப்பாத்துக்குள். ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறு, ஜூன் 15

வெயில். பத்து மணி வரை நித்திரை. இடது காது அடைப்பு. சப்பாத்து நனையவில்லை. காற்சட்டை பல்கனியில்.

சு.வின் அழைப்பு.

"காய்ச்சலோ?"

"இல்லைப் பிள்ளை."

"பொய் சொல்லாதேங்கோ."

"இல்லை."

பிறகு, "நீங்கள் மேல வரும்வரைக்கும் எனக்குச் சரியான பயம் அப்பா" என்றாள்.

எனக்கும் என்றேன். ரசம் வைத்துக்கொண்டு வருகிறாளாம். சோறு நான் போட வேண்டும். அரிசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.