போலீஸ் பிய்க்காத காது

அண்ணா,

உன் நினைவுக் கூட்டத்துக்கு அடித்த நோட்டீஸ் இன்று காலை கைக்கு வந்தது. அச்சு மை வாசம் இன்னும் போகவில்லை. முழுக்க மலையாளம். தமிழுக்காக மூன்று தடவை ஜெயிலுக்குப் போனவனுக்கு மலையாளத்தில் நோட்டீஸ்! கொண்டுவந்த வாசகசாலைக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. இங்கே குளத்தூரில் அவர்களுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், எழுத வராது. உன் பெயருக்குக் கீழே என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது: ‘போலீஸ் அடக்குமுறையில் காது கிழிந்த சகோதரி மேடையில் இருப்பார்.’

நீ இருந்தவரை உன்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். இந்த வரியை வாசித்த பிறகு அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது.

எனக்குக் கைக்குழந்தையிலிருந்தே கரப்பான். முழங்கை மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் மழைக்காலத்தில் வெடித்து நீர் வடியும், வெயில் வந்தால் செதிளாக உதிரும். காது குத்த நாள் பார்த்தபோதெல்லாம் அங்கே புண் இருந்தது. அம்மை தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். சபையில் அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. நகை வேண்டாம் என்று போதகரே சொல்லிக்கொண்டிருந்த காலம், அதனால் எனக்குப் பக்தியுள்ள பிள்ளை என்று பெயர். அந்தப் பக்தியின் யோக்கியதை எனக்கும் அம்மைக்கும்தான் தெரியும். வெறுங்காதோடு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அப்பா இல்லாத வீட்டில் எல்லாம் நீதான். நம் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொன்ன எல்லைப் போராட்டம் சூடாக இருந்த நேரம். சந்தை சந்தையாகப் போய்ப் பேசினாய். “கோடு கிழிக்கியவன் நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?” என்று நீ கேட்கும்போது கூட்டம் கைதட்டும். பெண்கள் பக்கத்தில் நின்று நானும் உள்ளங்கை சிவக்கத் தட்டியிருக்கிறேன்.

நம் நெய்யாற்றின்கரைத் தாலுகா மட்டும் தமிழ்நாட்டுக்குக் கிடைக்காமல் போய்விடும் என்ற பயமும் உனக்குள் இருந்தது. அதனால்தான் எப்படியும் தமிழ்நாட்டோடு சேரும் என்று நீ நம்பிய விளவங்கோட்டுப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்தாய். “கோடு விழுறதுக்கு முன்ன உன்ன அந்தப் பக்கம் எறக்கி விடணும் மக்கா” என்றாய். மாப்பிள்ளையின் அம்மா முதலில் பார்த்தது என் காதைத்தான். “வெறுங்காதா? உள்ள வல்ல கொறையும் உண்டா?” என்று, எதையோ மறைக்கிறோம் என்ற சந்தேகத்தோடு கேட்டாள். முழுக்கை ரவிக்கைக்குள் என் முழங்கை அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் மாப்பிள்ளையோடு வரும்போது கம்மல் கிடக்கும் என்று நீ வாக்குக் கொடுத்தாய்.

ஆஸ்பத்திரி கம்பவுண்டர் தெளிவாகச் சொன்னார். “இந்தத் தோலுல இப்பம் ஊசி படப்பிடாது. மழை தீந்து நீரு வத்தட்டு. பொறவு சுத்தப் பொன்னுலதான் போடணும்.” நீ தலையாட்டினாய். வெளியே வந்ததும், “அவரு சொல்லிய மாதிரி நிக்க நேரமில்ல” என்றாய்.

குத்துகிற நாளன்று ஹர்த்தால். பாறசாலையில் வீதி வீதியாகப் போய்க் கடைகளை அடைக்கச் சொன்னவனே நீதான். தட்டான் குறுக்குவழியாக நடந்து வந்துவிட்டார். செய்து வைத்த கம்மல் மட்டும் பூட்டிய கடைக்குள் இருந்தது. “ஒரு நிமிசம் தொறந்தா எடுத்திரலாம்” என்றார் பாவம்.

“நான் அடைக்கச் சொன்ன கடைய நானே தொறக்கச் சொல்லவா? ஊரு என்ன பறையும்?” என்று சீறினாய். அவர் பையில் பித்தளைக் கம்பி இருந்தது. “ரெண்டு நாளைக்கு இது கெடக்கட்டு” என்றாய்.

“வேண்டாம் அண்ணா. கம்பவுண்டர் சொன்னாருல்லா?” என்று நான் கெஞ்சினேன். நீ என் தலையை உன் மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாய். “எறும்புக் கடி ஆக்கும். அனங்காத, அசையப்பிடாது.”

ஹர்த்தால் நாலு நாள் நீண்டது. காது பணியாரமாக வீங்கிக் கம்பி சதைக்குள் புதைந்தது. பச்சையாக நீர் வடிந்து தலையணை ஒட்டிக்கொண்டது. கரப்பான் கழுத்தில் இறங்கிக் கன்னத்தில் ஏறியது. ஐந்தாம் நாள் காலை கம்மலோடு வந்து, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் மாற்றிவிட வேண்டும் என்று கம்பியை இழுத்தாய். வலது காது பொறுத்துக்கொண்டது. இடது காதின் கீழ்ச்சதை இரண்டாகக் கிழிந்தது.

வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள். எதை மறைக்கக் காது குத்தினாயோ, அதைக் காதே அவர்களுக்குச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு யாரும் பெண் பார்க்க வரவில்லை.

இதையெல்லாம் நான் மன்னித்திருப்பேன். ஆஸ்பத்திரி வாசலில் நீ துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்தேனே. ஆனால் அடுத்த மாதக் கூட்டத்தில், “என் தங்கச்சி காதுல கெடந்த கம்மல போலீஸ் பிய்ச்சு எடுத்தான்!” என்று முழங்கினாய். கூட்டம் கொதித்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் என் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் காதைப் பார்த்து அழுதார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, “நீ ஒண்ணும் பறையாண்டாம் மக்கா. சனங்களுக்கு வேண்டி ஆக்கும்” என்றாய்.

சனங்களுக்காக வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். கோடு விழுந்தது. மாப்பிள்ளை வீடு அந்தப் பக்கம் போனது, நாம் இந்தப் பக்கம் கேரளத்தில் நின்றுபோனோம். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து, முந்தானையால் காதை மூடிக்கொண்டே கிழவியாகிவிட்டேன். மழை வருவதற்கு முன்னால் அந்தப் பிளவு இன்றும் அரிக்கும். உன் கை என் தலையை இறுக்கியது அப்போது நினைவுக்கு வரும். அந்தக் கையை இன்னும் வெறுக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

கூட்டம் நாளைச் சாயங்காலம் நாலு மணிக்கு. முந்தானையை இறக்கிவிட்டுத்தான் மேடை ஏறுவேன். கரப்பானைச் சொல்வேன், பித்தளைக் கம்பியைச் சொல்வேன், பூட்டிய கடையைச் சொல்வேன். இழுத்த கை யாருடையது என்பதையும் சொல்வேன். யாரும் கைதட்டமாட்டார்கள்.

இதற்கு உன்னிடம் கேட்க வேண்டாமா என்று நினைப்பாய். கேட்டுவிட்டுச் செய்கிற வழக்கம் நம் வீட்டில் எப்போது இருந்தது, அண்ணா?