பனியன் துணியில் கட்டிய சக்கரம்

இன்று காலை லேப் பீரோவின் மேலிருந்து அந்தச் சைக்கிள் சக்கரத்தை இறக்கினேன். கிரீஸ் வாசனை அப்படியே இருக்கிறது. அச்சின் ஒரு முனையில் நான் கட்டிய நீலப் பனியன் துணி மூன்று முடிச்சோடு இன்னும் தொங்குகிறது. அதை அவிழ்க்க நீ கடைசிவரை விடவில்லை. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அம்மிணி. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. உன்னை நினைத்து அழாமல் சிரித்தது இன்றைக்குத்தான்.

பனியன் கம்பெனியில் இருந்த உன் அண்ணனை நம்பி, தூத்துக்குடிப் பக்கமிருந்து எங்கள் பள்ளிக்கு ஃபிசிக்ஸ் டீச்சராக வந்தவள் நீ. கெமிஸ்ட்ரி எடுக்கிற எனக்கு அதன் பிறகுதான் பேச்சுத்துணை கிடைத்தது. ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று தாளாளர் சொல்லியிருந்தார். அறிவியல் கண்காட்சியில் அவர் முகம் சுளித்தால் நீ ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கு அதுதான் பயம்.

முந்தின நாள் ஒத்திகை. அச்சின் ஒரு முனையை மட்டும் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றாய். கயிறு என் பொறுப்பு. என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர்; எங்கள் வீட்டில் துணிக்கொடியிலிருந்து சைக்கிள் கேரியர் வரை எல்லாவற்றுக்கும் கம்பெனி வேஸ்ட் துணிதான். நீ சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தாய். பனியன் துணி நீண்டது, நீண்டுகொண்டே போனது. தரையைத் தொட்ட சக்கரம் கூரைக் கொக்கியிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டு, வாலோடு ஓடி, என் பீக்கர் இரண்டை உடைத்தது.

"சவம், இது கயிறா, ஏட்டி? ரப்பருல்லா!" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தாய்.

"எங்கூட்ல எல்லாத்தையும் இதுலதான் கட்டுவோமுங்க" என்றேன். உன்னிடமும் நான் 'ங்க' போட்டுக்கொண்டிருந்த காலம்.

மறுநாள் கண்காட்சியில் நைலான் கயிறு. ஒரு முனை மட்டும் கட்டிய அச்சு படுக்கைவாட்டில் அந்தரத்தில் நின்று, கயிற்றை மெல்ல வலம் வந்தது. எடை கீழே இழுத்தாலும், சுழல்கிற சக்கரம் விழாமல் பக்கவாட்டில் திரும்பும் என்று விளக்கினாய். தாளாளர் நம்பவில்லை. "மோட்டார் ஏதாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா மிஸ்?" என்று கையை நீட்டி அச்சை மறித்தார். சக்கரம் பொத்தென்று சாய்ந்தது.

"விழுந்துருச்சுங்களே?"

"நீங்க மறிச்சீங்கல்லா சார், அதான் விழுந்துட்டு. சும்மா விட்டிருந்தா நின்னிருக்கும்" என்றாய்.

எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, இவள் மூட்டை கட்டியாச்சு என்று நினைத்தேன். அவரோ, "இன்னொருக்கா சுத்துங்க" என்றார். இந்த முறை மறிக்கவில்லை. அது திரும்புகிற பக்கமே விரலால் லேசாகத் தள்ளினார். அச்சு எழும்பியது.

"அட, ஏறுதுங்க! சரி, நாம தள்ளாதப்பத் திரும்புறதுக்கு சக்தி எங்கிருந்துங்க வருது?"

"கைய விட்டதும் ஒரு நூலளவு கீழ எறங்கும் சார், கவனிங்க. அந்த எறக்கம்தான் திரும்புற சக்தி. எதுவும் சும்மா வராதுல்லா."

ஐந்து முறை சுற்றச் சொல்லிப் பார்த்தார். ஒரு வாரத்தில் உன் கையில் ஆர்டர். உன்னைவிட நான்தான் அதிகம் குதித்தேன்.

அப்புறம் பதினெட்டு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூம். நோய் வந்தபோதும் நீ லீவு போடவில்லை. "ஊட்ல படு அம்மிணி" என்று கெஞ்சினேன், கத்தினேன், ஒருநாள் உன் பையைக்கூடப் பிடுங்கி வைத்தேன்.

"சுத்துற வேகம் கொறஞ்சா சக்கரம் தாழும். ஆனா கயித்தச் சுத்தி வெரசாத் திரும்பும். நான் இப்ப அப்படித்தான் ஓடுதேன். நீயும் தாளாளர் மாதிரி மறிக்காதட்டி" என்றாய்.

மறுநாளிலிருந்து உன் பையை நானே லேப் வரை தூக்கி வந்தேன். கடைசிப் பாடம் வரை நடத்திவிட்டுத்தான் போனாய். அதில் எனக்கு நிம்மதி.

புது டீச்சர் வரும்வரை உன் வகுப்பும் என்னிடம்தான். இன்று முதலில் வேண்டுமென்றே பனியன் துணியில் கட்டினேன். சக்கரம் பெஞ்சுக்கு அடியில் ஓடியதும் பிள்ளைகள் உன்னைப்போலவே சிரித்தார்கள். பிறகு நைலான் கயிற்றில் கட்டினேன். அச்சு வலம் வரத் தொடங்கியதும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"புடிச்சு நிறுத்தட்டுங்களா மிஸ்?"

"வேண்டாங் கண்ணு. கூடவே நட."

சக்கரம் தாழும்வரை நானும் அவளும் அதன் கூடவே நடந்தோம்.