இரண்டு கார்டுகளும் என் இடது காதும்

3-7-1978, திங்கள்
இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்கு வெட்கமாக இருந்தாலும் மாற்ற மாட்டேன்.

முதல் உண்மை: இடது காதில் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. முதல் பெஞ்சில் உட்காருவது படிப்பு ஆசையால் மட்டுமல்ல. செவிப்பறையில் ஓட்டை என்று அப்பா வேலை செய்யும் ஒர்க்ஷாப்பின் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் சர்ஜன் 22ஆம் தேதி ஆபரேஷன் செய்வாராம். தள்ளிப்போட்டால் அந்தக் காது கேட்காமலே போகலாம்.

5-7
என் கையெழுத்து அழகு என்று அப்பா ஆபரேஷனுக்கான விண்ணப்பப் பாரத்தை என்னையே நிரப்பச் சொன்னார். ஒன்பதாவது கேள்வி: நோயாளியின் பெயர் வேறு மருத்துவத் திட்டத்தில் உண்டா? அம்மாவின் நூல் மில் மருத்துவக் கார்டிலும் என் பெயர் இருக்கிறது. ‘உண்டு’ என்று எழுதினேன். அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

7-7
நான் எழுதிய ஒரு சொல்லால் பாரம் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி கிளார்க் சாம்பு சார் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ரெண்டு கார்டு இருக்கறது தப்பில்லேம்மா. எது முதல், எது அப்புறம்னு எழுத்துல வேணும், அவ்வளவுதான். அப்பா கார்டு முதல். அதுல வராத மருந்து மில் கார்டுல. ஆனா ரத்தினவேலு, உன் ஃபைல்ல உன் சம்சாரம் வேலைக்கே போகலியேப்பா.”

அம்மா மில்லுக்குப் போக ஆரம்பித்து நாலு வருஷம். அதை அப்பா விண்ணப்பமாக எழுதி ஃபோர்மேன் வழியாக அனுப்ப வேண்டும். ஃபோர்மேன் மேஜைக்குப் போனால் ஒர்க்ஷாப் ஷெட் முழுக்கப் படிக்கும், பெண்டாட்டி சம்பாத்தியம் என்று சிரிக்கும்.

அப்பா சைக்கிளில் மில் கேட் வழியாக வருவதே இல்லை, சுற்றிக்கொண்டுதான் வருவார். ஏன் என்று இன்றுதான் புரிந்தது.

வீட்டில் அப்பா சாப்பிடவில்லை. “உன்னை யாரு அதையெல்லாம் எழுதச் சொன்னது?”

அம்மா சொன்னாள்: “ஏனுங்க, அவ பொய்யா எழுதிப்போட்டா?”

11-7
அம்மா ஷிஃப்ட் நடுவில் அனுமதி வாங்கி என்னை மில் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. அங்கேயும் அதே பதில்தான்: அப்பா ஆபீஸ் முதலில். அவர்கள் எதைத் தருவார்கள் என்று கடிதம் கொண்டுவந்தால் மீதி மருந்து இங்கே. அந்தக் கடிதம் அப்பா விண்ணப்பம் எழுதினால்தான் வரும். எந்தப் பக்கம் போனாலும் அப்பாவிடமே வந்து நிற்கிறது.

14-7
இன்னும் எட்டு நாள். அப்பா எழுதவில்லை.

15-7, சனி
விண்ணப்பத்தை நானே எழுதினேன். கையெழுத்து இடத்தை விட்டுவைத்தேன். பிறகு — உண்மையை எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா — ரஃப் நோட்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். அச்சு அசலாக அப்படியே வந்தது. பயந்துபோய் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அம்மா வேலையை விட்டுவிடுவதாகச் சொல்கிறாள். நான் ‘இல்லை’ என்று எழுதியிருந்தால்? கணக்குப் போட உட்கார்ந்தால் முடியவில்லை. பால்காரர் மணி அடித்தால்கூட எந்தக் காதில் கேட்கிறது என்று சோதித்துப் பார்க்கிறேன். எனக்கு என்னதான் ஆச்சு?

18-7
படித்துக்கொண்டிருந்தேன். தோளில் கை பட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினேன். இடது பக்கம் அப்பா. மூன்று தடவை கூப்பிட்டாராம். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்தாராம்.

“நிசமாவே கேக்கலயா அம்மிணி?”

தலையாட்டினேன். நான் எழுதிய தாளைக் கேட்டு வாங்கினார். அதில் வெறுமனே கையெழுத்துப் போட்டுவிடவில்லை. வேறு தாள் எடுத்து, முழுவதையும் தன் கோணல் எழுத்தில் எழுதினார்.

20-7
ஒர்க்ஷாப்பிலிருந்து ஒன்று, மில்லிலிருந்து ஒன்று என்று இரண்டு கடிதங்களும் வந்துவிட்டன. மில் கடிதத்தை அப்பாவே போய் வாங்கினார், ஷிஃப்ட் விடும் நேரத்தில், கேட்டில் நின்று.

21-7, வெள்ளி
ஆஸ்பத்திரி வார்டு. நாளைக் காலை ஆபரேஷன். அம்மா மில்லிலிருந்து நேராக வந்தாள். சாம்பு சார் எட்டிப் பார்த்தபோது அப்பா எழுந்து நின்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்:

“சார், இது என் சம்சாரம் வடிவு. நூல் மில்லுல இருக்கறா. நாலு வருசமா.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முடியிலிருந்த பஞ்சை அப்பா எடுத்துவிட்டார். பிறகு நாற்காலியை என் வலது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ரங்கம்மா சிஸ்டர் எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரியை வராந்தா வெளிச்சத்தில் எழுதுகிறேன்.